காப்பு முளைகள்

ஆற்றங்கரை மடமொன்றில் பொன்னம்பலம் என்ற சீடர் இருந்தார். குருவைவிட வயதில் மூத்தவர். மடத்துக்கு வருமுன் கோயில் களஞ்சியத்துக்குக் காவல் இருந்தவர். பூட்டிய பூட்டை இன்னொருமுறை இழுத்துப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது.

மடத்தை ஒட்டி ஆற்றின் குறுக்கே ஒரு கற்கட்டு. அதைக் கட்டிய பிறகு, புதுவெள்ளத்தில் கடலிலிருந்து ஏறிவரும் உல்லம் மீன் மேலூர் மடுவுக்கு வருவது நின்றுபோயிற்று. குரு மேலூர், கீழூர் இரண்டையும் அழைத்துப் பேசினார். வீட்டுக்கு ஓர் ஆளாக வந்தார்கள். நடுவில் கல்லைப் பெயர்த்து, மீன் ஏற ஒரு வாய் திறந்தார்கள்.

மேலூர் நாட்டாண்மை சங்கிலி அரைமனதோடுதான் சம்மதித்தார்.

"எங்க வாய்க்கால் தண்ணி இந்த ஓட்டை வழியா போகுது சாமி. ஆடி முடியறதுக்குள்ள மடுவுல மீன் நிக்கணும். இல்லேன்னா கல்லைத் திருப்பி அடுக்கிருவோம்."

குரு தலையசைத்தார்.

பொன்னம்பலத்தின் கவலை வேறு. கீழூரில் எல்லாரும் வலைக்காரர்கள். ஏறுகிற மீனுக்கு வாயிலேயே பறிக்கூடை வைத்துப் பிடித்துவிட்டால்?

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒன்றைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்கிறவர், மஞ்சள் துணி கட்டிய முளையை அதன் எதிரே அடிப்பார். அதற்குக் காப்பு முளை என்று பெயர். பொன்னம்பலம் கீழூரில் வீடு வீடாக ஏறி இறங்கினார். வீட்டுக்கு ஒன்றாக, வாயின் குறுக்கே முளைகள் இறங்கின.

கீழூர் வலைக்காரி மருதாயி மட்டும் அடிக்கவில்லை.

"நீ ஏன் அடிக்கலை?"

"கல்லு தூக்க வந்தேன்ல சாமி. இடுப்பு இன்னும் வலிக்குது. அதவிட என்ன சத்தியம்?"

"மடியில கனம் இருக்கிறவங்களுக்குத்தான் வழியில பயம்."

"வழியெல்லாம் பயந்துக்கிட்டு வந்தது நீங்கதான் சாமி."

புதுவெள்ளம் வந்தது. மேலூர் மடுவில் ஒரு வெள்ளி வால் துள்ளியதாக ஆடு மேய்ப்பவர்கள் சொன்னார்கள். மறுநாள் இன்னொன்று.

பொன்னம்பலம் கரையில் நின்று முளைகளைப் பார்த்தார். மஞ்சள் வரிசையில் மருதாயியின் இடம் மட்டும் பல் விழுந்தாற்போல் கிடந்தது. திறந்து கிடக்கும் இடத்தில்தானே கை நுழையும்? அவருக்கு மனம் ஆறவில்லை. தன் காவித் துண்டைக் கிழித்து ஒரு முளையில் கட்டி, அந்த இடத்தில் தானே அடித்தார்.

அதற்குப் பிறகு மடுவில் ஒரு மீனும் துள்ளவில்லை.

வீம்புக்காரி, வேலையைக் காட்டிவிட்டாள் என்று நினைத்தார். சந்தைக்குப் போகிற வழியில் மருதாயியை மறித்து, கூடையை இறக்கச் சொன்னார். மேலே குளத்துக் கெண்டை. கைவிட்டுத் துழாவினார். கீழேயும் கெண்டை.

"நல்லாத் தேடுங்க சாமி," என்றாள். "அடியில கடல் இருக்கும்."

சந்தைக்குப் போகிறவர்கள் நின்று சிரித்தார்கள். பொன்னம்பலம் கையை மூன்று முறை கழுவினார். கவிச்சி போயிற்று. சந்தேகம் போகவில்லை. உல்லத்தை வேறெங்கோ மறைத்திருக்கிறாள்.

ஆடியின் கடைசி நாள் காலையில் மேலூர்க்காரர்கள் கடப்பாரையோடு கற்கட்டுக்கு வந்தார்கள். கீழூரும் திரண்டு வந்தது. மருதாயி கரையில் கைகட்டி நின்றாள்.

"மீன் எங்க சாமி?" என்றார் சங்கிலி.

பொன்னம்பலம் குருவின் அருகே போனார். "திருடியது யாரென்று எனக்குத் தெரியும் சுவாமி. இங்கேயே சொல்லட்டுமா?"

"சொல்லலாம். அதற்கு முன் கீழ்ப்பக்கம் இறங்கி, அந்த வாய் வழியாக மேலே வாருங்கள்."

பொன்னம்பலம் இறங்கினார். இடுப்பளவு தண்ணீர், செம்மண் கலங்கல். வாயில் முளைக்கு முளை செத்தையும் கொடியும் அடைந்திருந்தன. தோளைச் சாய்த்துப் பார்த்தார். நுழையவில்லை. கையை நீட்டினார். முழங்கையோடு நின்றது.

"வழியில்லை சுவாமி."



அப்போது அவர் காலில் ஏதோ முட்டியது. விலகி நின்றார். மறுகாலில் முட்டியது. பிறகு தொடையில், முழங்காலில், மறுபடி மறுபடி. கலங்கலுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் அவரைச் சுற்றி உயிர் நெரிந்தது. ஒரு வலை வீசினால் ஒரு படகு நிறையும். கரையைப் பார்த்தார். மருதாயியின் வலை வேலியில் காய்ந்துகொண்டிருந்தது.

காவி முளையைப் பற்றி இழுத்தார். ஆழமாக அடித்திருந்தார், எளிதில் வரவில்லை. மார்போடு அணைத்து அசைத்து அசைத்துப் பிடுங்கினார். அந்த இடைவெளியில் தண்ணீர் பாய்ந்தது. அவர் இடுப்பை உரசிக்கொண்டு ஒரு வெள்ளி மேலேறிப் போயிற்று. அதன் பின்னால் இன்னொன்று.

சங்கிலி கடப்பாரையைக் கீழே சாய்த்தார்.

பொன்னம்பலம் அடுத்த முளையில் கை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது.

"எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டால், நாளைக்கு யாராவது பறி வைப்பார்களே சுவாமி?"

"வைக்கலாம்."

"அப்போது மீன்?"

"பறிக்குத் தப்பி ஏறத் தெரிந்த மீன்தான், பொன்னம்பலம். காவலுக்குத் தப்பத்தான் அதற்குத் தெரியவில்லை."