நார்த்தங்காய் ஜாடியைக் கெடுத்த கை

என் தம்பி மனைவி வேலம்மாளுக்கு எங்கள் வீடு இழைத்த அநீதிகளை வரிசை மாறாமல் சொல்கிறேன். ஆசிரியர் பயிற்சிக்குப் போகவிடாமல் நிறுத்தியது முதலாவது. மாதவிலக்கு நாட்களில் கொல்லைத் தாழ்வாரத்தில் தனிப் பாய், தனித் தம்ளர் கொடுத்து ஒதுக்கியது இரண்டாவது. அந்த வழக்கத்தை எதிர்த்துத் துண்டுப் பிரசுரம் அச்சடித்து ஊர் ஊராகக் கொடுத்தவன் நான். என் வீட்டுக் கொல்லையை மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாவதுதான் இந்தக் கதை.

அந்த ஆண்டு என் மனைவி சண்முகவடிவு அறுபது நார்த்தங்காயைச் சுருள் சுருளாக அரிந்து, உப்பை அடைத்து, ஜாடியில் ஊறவைத்திருந்தாள். தினமும் குலுக்கி, முற்றத்து வெயிலில் வைப்பாள். ஒரு மாலை அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குத் தூரமாகிக் கொல்லைத் தாழ்வாரத்தில் இருந்த வேலம்மாள் ஓடிவந்து, ஜாடியின் வாயில் கட்டிய துணியை அவிழ்க்காமலே அதை உள்ளே தூக்கி வைத்தாள். சற்று நேரத்தில் ஊர்வலத்திலிருந்து நனைந்து வந்த நான், துணியை அவிழ்த்து, சொட்டும் கையை உள்ளே விட்டு ஒரு சுருளை எடுத்துக் கஞ்சிக்குக் கடித்துக்கொண்டேன். நல்ல ருசி.

பத்தாம் நாள் ஜாடி முழுக்கப் பூஞ்சணம்.

"தூரமா இருக்கையில ஜாடியைத் தொட்டியாடி?"

"தொட்டேன்க்கா. மழையில நனைய விட்டுரவா? அத்தான் நோட்டீஸ்ல போட்டதைத்தானே செஞ்சேன்."

"நோட்டீஸைத் தொட்டுக்கிட்டுக் கஞ்சி குடிக்க முடியுமா?"

வேலம்மாள் என்னைப் பார்த்தாள். கெடுத்தது எந்தக் கை என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏழு முறை சிறை சென்றவன், பெண்டாட்டி முன்னால் அசடு வழிய மனமில்லாமல் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன்.

அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பச் சொன்னாள் சண்முகவடிவு. தம்பிக்கு அந்த வழக்கத்தில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அண்ணி சொல்லைத் தட்டாமல் பஸ் ஏற்றிவிட்டான். அழைத்துவர யாரும் போகவில்லை. அவளும் திரும்பவில்லை.

நம்பிப் பழி சுமத்தியவள், நம்பாமலே பணிந்தவன், அறிந்தும் வாய்மூடியவன். இந்த மூவரில் பெருங்குற்றம் யாருடையது?

விடை: என் மனைவிக்கு உண்மை தெரியாது. தம்பிக்கும் தெரியாது. தெரிந்தவன் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் அனுப்பச் சொல்லியிருக்க மாட்டாள், அவனும் பஸ் ஏற்றியிருக்க மாட்டான். அதைச் சொல்ல எனக்கு முப்பத்தோர் ஆண்டு ஆனது. வேலம்மாளின் பதினாறாம் நாள் காரியத்தில், அவள் உறவினர் எல்லோரும் கூடியிருக்க, எழுதிக் கொண்டுபோன தாளை எழுந்து நின்று வாசித்தேன். நடந்ததையெல்லாம் எழுதி, அடியில் குற்றவாளி என்று என் பெயரைப் போட்டிருந்தேன். அதையும் உரக்கப் படித்தேன்: "பேச்சிமுத்து."