ராஜா குடியேறப் போகும் சீமை

எந்த நாடு, எந்த வருஷம் என்றெல்லாம் என்னைக் குடையாதீர்கள். வீரபூபதி என்று ஒரு ராஜா இருந்தார், அவருக்குத் திடீரென்று அரண்மனை அலுத்துப்போனது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, கொசு தூங்கவிடவில்லை என்று காலையிலிருந்து ஒரே புலம்பல். சபை கூடியதும், “நம் ராஜ்யத்தில் சுகமாகவும் சிக்கனமாகவும் வாழத் தகுந்த சீமை எது? அங்கேயே குடியேறப் போகிறோம்” என்றார்.

சபையில் இருந்தவர்கள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்தார்கள். காரணம் இருந்தது. ராஜா எந்தச் சீமையில் தங்கினாலும் அவருக்கும் பரிவாரத்துக்கும் யானை குதிரைக்கும் அந்தச் சீமையார்தான் சோறும் தீனியும் போட வேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். தான் சாப்பிடுவது யார் வீட்டுச் சோறு என்று பாவம், அந்த மனுஷருக்குத் தெரியாது. எவரும் சொன்னதும் இல்லை.

மந்திரி அனந்தராயர் மட்டும் எழுந்தார். விகடகவி பேச்சிமுத்துவின் மேல் அவருக்கு வெகுநாளாக வயிற்றெரிச்சல். “மகாராஜா, நம் பேச்சிமுத்து பிறந்த குன்றடிச் சீமைக்கு ஈடில்லை. நல்ல காற்று, சுனைத் தண்ணீர், மலைத்தேன். செலவோ சொற்பம்” என்றார்.

பேச்சிமுத்து மனசுக்குள் கணக்குப் போட்டான். குன்றடியில் அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. ராஜா பரிவாரத்தோடு போய் இறங்கினால் விதைச் சாமைகூட மிஞ்சாது. அவன் அக்கா குடும்பம் உட்பட சீமையே பட்டினி கிடக்கும். வேண்டாம் என்று வாயைத் திறந்தாலோ, ராஜாவை வரவேற்கக் கசக்கிறதா என்று மந்திரி மடக்குவார்.

“மாடு வாங்குறவன்கூட ஏர்ல பூட்டிப் பாத்துட்டுத்தான் வாங்குறான் மகாராஜா. வாழ்ந்து பாக்காம சீமையை எப்படி முடிவு பண்றது?” என்றான்.

ராஜாவுக்கு அது பிடித்துப்போனது. அப்படியானால் நீயே போய் ஒவ்வொரு சீமையிலும் நாம் வாழ்வதைப் போலவே வாழ்ந்து பார்த்துச் சொல், அதில் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். குன்றடியை அதன் பிள்ளையே தின்று தீர்க்கப் போகிறான் என்று மந்திரி மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

எங்கே தொடங்க வேண்டும் என்று ராஜா சொல்லவில்லையே! பேச்சிமுத்து யானை, குதிரை, சமையற்காரர், மேளக்காரர், மல்லர் எல்லோரையும் திரட்டிக்கொண்டு நேராக மந்திரியின் ஆற்றங்கரைச் சீமைக்குப் போனான். ராஜா சீமையிலேயே பெரிய வீட்டில்தானே தங்குவார்? அது மந்திரியின் மாளிகை. யானைகள் மந்திரியின் கரும்புத் தோட்டத்தில் இறங்கின. ராஜாவைப் போலவே பேச்சிமுத்துவும் அத்தனை கறிகளையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்தான். ராஜா கொட்டாவி விட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் விரல் சொடுக்க வேண்டுமல்லவா? மந்திரியின் மைத்துனர்கள் நின்று சொடுக்கினார்கள். அவனும் சளைக்காமல் கொட்டாவி விட்டான்.

மாளிகையிலிருந்து மனைவி ஆள்மேல் ஆள் அனுப்ப, அனந்தராயர் தலைப்பாகையைக்கூடச் சரியாகக் கட்டாமல் சபைக்கு ஓடிவந்தார். அந்தப் பயலைத் திரும்ப அழையுங்கள், என் களஞ்சியம் துடைத்துவிட்டது போலக் கிடக்கிறது என்று கெஞ்சினார்.

“அவன் யாரைப் போல வாழ்கிறான், ராயரே?” என்று கேட்டார் ராஜா.

தங்களைப் போலத்தான் என்று மந்திரி முனகினார். இத்தனை நாள் தான் சாப்பிட்டது யார் வீட்டுச் சோறு என்று அப்போதுதான் ராஜாவுக்கு உறைத்தது. பேச்சிமுத்துவை வரவழைத்து, இதே பரிவாரம் குன்றடிக்குப் போனால் என்ன ஆகும் என்று கேட்டார். பேச்சிமுத்து விகடத்தை ஓரமாக வைத்தான்.

“அங்க இப்பவே ஒரு வேளைதான் அடுப்பு எரியுது மகாராஜா. நாம போனா அதுவும் எரியாது. எனக்குப் பயமா இருக்கு.”

 சரி, உத்தரவுப்படி பதில் வர வேண்டும், வாழ்வதற்கு நல்ல சீமை எது என்றார் ராஜா.

“நீங்க வந்து தங்காத சீமை எதுவானாலும் நல்ல சீமைதான் மகாராஜா.”

தொலைந்தான் என்று அனந்தராயர் நிமிர்ந்தார். ராஜாவோ முதலில் இருமினார், அப்புறம் தொடையைத் தட்டித் தட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அரண்மனையே போதும், கொசுவோடு சமாதானமாகப் போகிறேன் என்றார். இனி ராஜா எங்கே போனாலும் அரண்மனைக் களஞ்சியத்து நெல் கூடவே போகும் என்று வழக்கத்தை மாற்றினார். பேச்சிமுத்துவுக்குத் தன் கைக்காப்பைக் கழற்றிப் போட்டதோடு, குன்றடிக்கு வண்டி வண்டியாகத் தானியமும் அனுப்பினார். அப்போதுதான் பேச்சிமுத்துவுக்கு மூச்சே வந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சேதி கேட்ட குன்றடியில் அக்காவும் ஊராரும் அப்பாடா என்று பொங்கல் வைத்து, மகாராஜா நூறாண்டு வாழ்க என்று வாயார வாழ்த்தினார்கள். வராமல் இருந்ததற்காக வாழ்த்து வாங்கிய ராஜா அவர் ஒருவர்தான்.