என் குழந்தைதான்

கேளுங்கள், சின்னவர்களே, பெரியவர்களே! மேற்குக் கடலுக்குள்ளே அயர்லாந்து என்றொரு பச்சைத் தீவு. வெகு காலத்துக்கு முன்பு அங்கே ஒரே மணிமுடிக்காக இரண்டு அரசர்கள் சண்டையிட்டார்கள். ஒருவர் பழைய மார்க்கம், மற்றவர் புதிய மார்க்கம். இருவரும் கும்பிட்டது ஒரே ஏசுவைத்தான். ஆனாலும் வாள் உறைக்குள் போகவில்லை.

அதற்கும் முன்பே ஒரு அநியாயம் நடந்திருந்தது. பழைய மார்க்கத்தாரின் நிலத்தைப் பிடுங்கி, கடல் தாண்டி வந்த புது மார்க்கத்தாருக்குக் கொடுத்திருந்தார்கள். அப்படி இழந்தவள்தான் சோரகா என்ற விதவை. வீடு போயிற்று, வயல் போயிற்று, மலைக்குடிசையின் குளிரில் கைக்குழந்தையும் போயிற்று.

அவள் வீட்டில் குடியேறியவள் எல்ஸ்பெத். கணவன் கில்பர்ட் போருக்குப் போயிருந்தபோது, தனியாக இருந்த அவளுக்குப் பிரசவ வலி கண்டது. அலறல் மலைவரை கேட்டது. சோரகா காதைப் பொத்திக்கொண்டாள். மறுபடி கேட்டது. மூன்றாவது அலறலுக்கு எழுந்து, கீழே ஓடினாள்.

பெண் குழந்தை பிறந்தது. அதைத் துணியில் சுற்றித் தாயருகே கிடத்தும்போதே வாசலில் குதிரைச் சத்தம். பழைய மார்க்க அரசரின் படை! சோரகா வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

"இது யார் வீடு?" என்றான் தளபதி.

"என் வீடு. என் மாமனார் கட்டியது."

"வயல்?"

"என் வயல். என் புருஷன் உழுதது."

இரண்டிலும் பொய்யில்லை. அப்போது உள்ளே குழந்தை வீறிட்டது.

தளபதி குரலைத் தாழ்த்தினான். "அம்மா, இங்கே வந்தேறிகள் இருப்பதாகக் கேள்வி. பயப்படாமல் சொல்லுங்கள். அவர்களைத் துரத்திவிட்டு எல்லாவற்றையும் உங்களிடமே தருகிறோம். அது யார் குழந்தை?"

இத்தனை வருஷமாக சோரகா அழுது கேட்டதெல்லாம் ஒரு வார்த்தை தூரத்தில் இருந்தது.

"என் குழந்தைதான்," என்றாள்.

குதிரைகள் போய்விட்டன.

கடைசியில் புதிய மார்க்க அரசரே வென்றார். கில்பர்ட் வீடு திரும்பினான். "மலையில் இருப்பவர்களையும் விரட்டச் சொல்லி உத்தரவு," என்றான்.

எல்ஸ்பெத் மகளை அவன் மடியில் வைத்து, நடந்ததைச் சொன்னாள். "அக்காவை விரட்டினால் நாங்களும் கூடவே போய்விடுவோம்."

கில்பர்ட் மகளை அவளிடம் கொடுத்துவிட்டு எழுந்தான். பிறகு மலையேறிப் போய், தொப்பியைக் கழற்றிக் குடிசை வாசலில் நின்றான்.

"வீட்டுக்கு வாருங்கள், அக்கா. பாதி வீடும் பாதி வயலும் உங்களுடையவை. முழுவதும் கேட்டாலும் நியாயம்தான்."

"பாதி போதும்," என்றாள் சோரகா. "பிள்ளைக்கும் வேண்டுமே."

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவரவர் தேவாலயத்துக்குப் போனார்கள். மத்தியானம் ஒரே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

நமக்கு அநியாயம் செய்தவர்களைப் பழிதீர்க்க வழி கிடைத்தாலும், அடைக்கலமாய் நிற்கும் உயிரைக் காப்பதே மேலான தர்மம்.