மாங்குயிலுக்கு விழுந்த ஒற்றைச் சருகு

நாவற்குளத்தின் கரையில் ஒரு மாங்குயில் இருந்தது. மஞ்சள் உடம்பு. கண்ணுக்கு மை தீட்டினாற்போல் ஒரு கறுப்புக் கோடு. அது வாயைத் திறந்தால் மேய்கிற மான் வாயில் வைத்த புல்லை மெல்ல மறந்துவிடும்.

அதே கரையில் ஏழு தவிட்டுக்குருவிகளும் இருந்தன. ஏழும் அக்காள் தங்கைகள். ஒன்று கத்தினால் ஏழும் கத்தும். ஒன்று எதைக் கொத்தினாலும் மற்ற ஆறும் ஏன் என்று கேட்காமல் வந்து கொத்தும். இந்த ஏழும்தான் மாங்குயிலின் ரசிகர் கூட்டம். 'பொன்குரலார்' என்று அதற்குப் பட்டம் கொடுத்ததும் இவைதான்.

நாவற்குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாடுகிற ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு புதுப்பாட்டு கொண்டுவர வேண்டும். தவளை முதல் மழைக்குக் கொண்டுவரும். சில்வண்டு ஆவணியில். மாங்குயில் கார்த்திகையில். போகியன்று மனுஷர்கள் பழையதைக் கழிப்பார்கள் அல்லவா, அன்றைக்கு இவை கூடி உட்கார்ந்து அந்த வருஷத்துப் பாட்டுகளை எடை போடும். ஆளுக்கு ஒரு பூ, ஆளுக்கு ஒரு சருகு. மனசுக்குப் பிடித்த பாட்டைப் பாடியவர் முன்னால் பூவை வைக்க வேண்டும். ஏமாற்றிய பாட்டைப் பாடியவர் முன்னால் சருகை வைக்க வேண்டும். சருகு வைக்கிறவர் காரணம் சொல்லாமல் நகரக் கூடாது. சருகு வாங்குகிறவர் கோபிக்கக் கூடாது. அந்தக் குளத்தில் பாட்டு கெடாமல் இருந்ததே இந்தச் சருகினால்தான்.

அந்த வருஷம் கார்த்திகை பிறந்தது. மாங்குயில் பாடப் போகிறது என்று தெரிந்ததும் ஏழு குருவிகளுக்கும் கால் தரையில் நிற்கவில்லை. விடிந்ததும் அத்திக் கிளையைக் கொத்திப் பால் எடுத்து, மாங்குயில் உட்காரும் கொம்புக்கு அபிஷேகம் செய்தன. கொம்பெல்லாம் பிசுபிசு என்று ஆகி மாங்குயிலின் கால் ஒட்டிக்கொண்டது. அதைப் பற்றி யாருக்கு என்ன!

பாடும் முன்னே தொண்டை நனையட்டும் என்று ஒரு சப்பாத்திக்கள்ளிப் பழமும் கொண்டுவந்தாள் மூத்தவள். அந்தப் பழத்தின் நடுவில் நட்சத்திரம் மாதிரி ஒரு முள் இருக்கும். ஆடு மேய்க்கிற பிள்ளைகள்கூட அதைக் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் தின்னும். மூத்தவளுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் அந்தப் பக்கம் இவைகளோடு எப்போதும் போட்டி போடுகிற கொண்டைக்குருவிக் கூட்டமும் மாங்குயிலுக்குப் பழத்தோடு வந்துகொண்டிருந்தது. முந்திக்கொள்ள வேண்டுமே. முள்ளோடேயே நீட்டினாள்.

"முதல் வாய் எங்களுதுதான் அண்ணே" என்றாள்.

மாங்குயில் ஆசையாக விழுங்கியது. எங்கேயோ சுருக்கென்றது. இருமிப் பார்த்தது. அதற்குள் "பாட்டு, பாட்டு" என்று சத்தம். பாட ஆரம்பித்துவிட்டது.

முதல் அடி நன்றாக வந்தது. இரண்டாம் அடியும் வந்தது. மூன்றாம் அடியில் ராகம் ஏறுகிற இடத்தில் 'கிர்ர்' என்றது. காய்ந்த கதவைத் திறந்தாற்போல ஒரு சத்தம்.

ஏழும் விசில் அடித்தன.

"கேட்டீங்களாடி அந்தக் கரகரப்பை? உடம்பே சிலிர்த்துப் போச்சு" என்றாள் மூத்தவள்.

"போன வருஷம் இது இல்லையே அக்கா?"

"அதான்டி புதுசு."

பக்கத்தில் ஓணான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. ஓணான் வெயில் அடித்தாலும் ஆட்டும். ஈ பறந்தாலும் ஆட்டும். பெண்டாட்டி திட்டினாலும் ஆட்டும். "பாருங்க, ஓணான் மாமாவே தலையாட்டுறார். அவருக்குத் தெரியாத சங்கீதமா?" என்று குருவிகள் ஊரெல்லாம் சொல்லிவிட்டன. ஒரு வாரத்துக்குள் தேன்சிட்டுக் குஞ்சுகள் எல்லாம் மணலை விழுங்கிவிட்டுக் கரகரத்துப் பாடப் பழகின. பெற்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

மாங்குயிலுக்கு ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும் வலித்தது. ஆனால் எங்கே போனாலும் 'அந்தக் கரகரப்பு இருக்கே' என்ற பேச்சுத்தான். வலிக்கிறது என்று எப்படிச் சொல்லும்?

போகி வந்தது. எல்லாம் குளக்கரைப் பாறையில் கூடின.

தவளைக்கு நாலு சருகு விழுந்தது. "போன வருஷப் பாட்டையே மூக்கால பாடிட்டே" என்று நாரை காரணம் சொன்னது. தவளை கோபிக்கவில்லை. "மழை பெஞ்சதே மூணு தூத்தல். அந்த ஈரத்துக்கு இந்தப் பாட்டுதான் வரும். அடுத்த வருஷம் வாங்க" என்றது. எல்லாம் சிரித்தன.

மாங்குயிலின் முன்னால் பூ மலை மாதிரி குவிந்தது. ஏழு குருவிகளும் ஆளுக்கு ஒரு பூ என்ற கணக்கை மறந்து மூக்கு நிறையக் கொண்டுவந்து கொட்டின. எருக்கம்பூ, ஆவாரம்பூ, தும்பைப்பூ எல்லாம் இருந்தது.

அந்தப் பூ மலையின் மேல் ஒரு சருகு வந்து விழுந்தது.

வைத்தது மரங்கொத்தி. தச்சன் என்று கூப்பிடுவார்கள். அதிகம் பேசாத ஆள். காலையில் மரத்தில் ஏறினால் தட்டும், காதை வைக்கும், மறுபடி தட்டும். இத்தனை அங்குல ஆழத்தில் இத்தனை பெரிய புழு என்று அதற்குத் தெரிந்துவிடும். பிழைப்பே காதால்தான்.

"யாருக்கு வச்சே அதை? கை தவறி விழுந்திருக்கும்" என்றாள் மூத்தவள்.

"தவறலை தாயி. இவனுக்குத்தான் வச்சேன்" என்றது தச்சன். பிறகு மாங்குயிலைப் பார்த்துத் திரும்பியது. "தம்பி, மூணாவது அடியில ஒரு கீறல் கேக்குது. அது பாட்டுல இல்லை. உன் தொண்டையில இருக்கு. கள்ளிப் பழம் தின்னியா?"

மாங்குயில் எச்சில் விழுங்கியது. வலித்தது.

"வாயைத் திற, பார்க்கிறேன். என் நாக்கு நீளம். முனையில கொக்கி மாதிரி இருக்கும். மரத்துக்குள்ள இருக்கிற புழுவையே இழுக்கிறேன், ஒரு முள்ளை இழுக்க மாட்டேனா? கண்ணை மூடித் திறக்கிற நேரம்."

மூத்தவளுக்கு உடம்பு பற்றி எரிந்தது. கள்ளிப் பழம் என்ற சொல் அவளுக்குச் சுட்டுவிட்டது. செய்த தப்பைச் சொல்லிக் காட்டினால் தப்பின் மேல் கோபம் வராது, சொன்னவன் மேல்தான் வரும்.

"நாங்க ஆசையா குடுத்த பழத்தையா குத்தம் சொல்றே? அப்ப நாங்க விஷம் வச்சோமா?"

"விஷம்னு சொல்லலை. முள்ளுன்னு சொன்னேன்."

"முட்டி முட்டி மூளை குழம்பினவனுக்குச் சங்கீதம் என்னடா தெரியும்? ஓணான் மாமா தலையாட்டினாரா இல்லையா?"

ஓணான் இப்போதும் ஆட்டிக்கொண்டிருந்தது.

"உன்னைக் கொண்டைக்குருவிக் கூட்டம் ஏவிவிட்டுச்சா? சொல்லு. எத்தனை புழு குடுத்தாங்க?" என்று கேட்டாள் இளையவள்.

தச்சன் மாங்குயிலையே பார்த்தது. "நீ சொல்லு தம்பி. வலிக்குதா, வலிக்கலையா?"

எல்லாக் கண்ணும் மாங்குயிலின் மேல் இருந்தது. மாங்குயில் தச்சனைப் பார்த்தது. குவிந்து கிடந்த பூவைப் பார்த்தது. ஆமாம் என்ற ஒரே ஒரு சொல் போதும். அந்தச் சொல்லை அது சொல்லவில்லை. சிறகைக் கோதுகிற மாதிரி தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டது.

அவ்வளவுதான். ஏழும் பாய்ந்தன. தச்சனின் தலையில், முதுகில், கண்ணோரத்தில் கொத்தின. ஏழும் கொத்துவதைப் பார்த்து, காரணம் தெரியாத காடையும் மைனாவும்கூடச் சேர்ந்து கொத்தின. சருகு வைத்தவரை அடிக்கக் கூடாது என்று நாரை கத்தியது யார் காதிலும் விழவில்லை. அதோடும் விடவில்லை. தச்சன் ஒரு மாசம் கொத்திக் கொத்திச் செய்த பொந்தைக் குளத்துச் சேற்றை வைத்து அடைத்தன.

தச்சன் ரத்தத்தோடு கிளம்பியது. மலைக்கு அந்தப் பக்கம் போகும் முன் மாங்குயிலின் கொம்பில் ஒரு நொடி உட்கார்ந்தது.

"பங்குனிக்குள்ள வந்துடு. அதுக்கு மேல சதை மூடிக்கும்" என்றது. போய்விட்டது.

தை போயிற்று. மாசியும் போயிற்று. முதலில் மூன்றாம் அடியில் மட்டும் இருந்த கீறல் இரண்டாம் அடிக்கு வந்தது. பிறகு முதல் அடிக்கு வந்தது. மாங்குயிலுக்குப் பழம் இறங்கவில்லை. தேனைத் தொட்டு நக்கிக்கொண்டு கிடந்தது.

அதன் பெண்டாட்டி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "மலை தாண்டினா அரை நாள் வழி. அந்தத் தச்சன் அண்ணனைப் போய்ப் பார்த்துட்டு வந்துடலாம், கிளம்புங்க" என்றாள்.

"அவங்க என்ன நினைப்பாங்க?"

"எவங்க?"

"ரசிகருங்க."

"விழுங்கும்போது அவங்க தொண்டையா வலிக்குது?"

ஒருவழியாகப் பங்குனிக் கடைசியில் இரண்டும் கிளம்பின. மருதமரத்தைத் தாண்டவில்லை, ஏழும் வந்து வழியை மறித்தன.

"எங்கே அண்ணே, அந்தத் துரோகிகிட்டயா?" என்று கேட்டாள் மூத்தவள். "நீங்க அங்க போனா அவன் சொன்னது சரின்னு ஆயிடும். அப்புறம் நாங்க இந்தக் கரையில தலைநிமிர்ந்து நடக்க முடியுமா? உங்களுக்காக அவனை அடிச்சிருக்கோம். எங்களுக்காக இதைச் செய்யக் கூடாதா?"

மாங்குயில் திரும்பி வந்துவிட்டது.

சித்திரை முதல் நாள், பொன்குரலார் விசேஷமாக இன்னொரு பாட்டுப் பாடுகிறார் என்று குருவிகள் தாங்களாகவே ஊரைக் கூட்டின. மாங்குயிலை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுபடியும் அத்திப்பால், மறுபடியும் விசில். மாங்குயில் கொம்பில் உட்கார்ந்து அலகைத் திறந்தது.

சத்தம் வரவில்லை. கிழிந்த இலை காற்றில் ஆடினாற்போல 'உஸ்' என்று மட்டும் வந்தது. மறுபடி திறந்தது. மறுபடி அதே.

பிறகு மூத்தவள் சொன்னாள், "ஏமாத்திட்டானே."

'அண்ணே' போய் 'அவன்' வந்துவிட்டது, பாருங்கள்.

"இவனுக்கா பால் ஊத்தினோம்?"

"போன பாட்டுலயே கரகரன்னுதான் இருந்துச்சு. நான் அப்பவே நினைச்சேன்" என்றாள் இளையவள்.

போகிக்கு இன்னும் ஒன்பது மாசம் இருந்தது. சருகு மழையாக விழுந்தது. காரணம் ஒருவரும் சொல்லவில்லை. சருகு தீர்ந்ததும் கல் வந்தது. அதுவும் தீர்ந்ததும் ஏழும் கொம்புக்குப் பறந்து போய்க் கொத்த ஆரம்பித்தன.

அப்போது பெண் மாங்குயில் நடுவில் வந்து விழுந்தாள். அவள் அதுவரை கூட்டத்தில் வாய் திறந்ததே இல்லை.

"நிறுத்துங்கடி" என்றாள். "வலிக்கும்னு சொன்னவனைக் கொத்தினீங்க. இப்ப வலிக்கிறவனைக் கொத்துறீங்க. உங்களுக்குப் பாட்டு வேணுமா, இல்லை கொத்துறதுக்கு ஒரு ஆள் வேணுமா? மூணாவது அடி என்னன்னு உங்கள்ல ஒருத்தி சொல்லட்டும். விசில் அடிச்ச சத்தத்துல எவளாவது அதைக் கேட்டிருந்தா சொல்லட்டும்."

ஒருத்திக்கும் தெரியவில்லை. ஏழும் ஒன்றை ஒன்று பார்த்தன. பிறகு எதுவுமே நடக்காத மாதிரி பறந்துவிட்டன. அன்று சாயங்காலமே அதுவரை ஆகாத கொண்டைக்குருவியைப் புதுப் பாட்டுக்காரராக்கி, அதன் மரத்தடியில் உட்கார்ந்து அதற்கு என்ன பட்டம் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தன.

மறுநாள் காலையில் புருஷனும் பெண்டாட்டியும் மலையைத் தாண்டினார்கள். தச்சன் ஒரு காய்ந்த வாகைமரத்தில் புதுப் பொந்து கொத்திக்கொண்டிருந்தது. ஒரு கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. வந்தவர்களைப் பார்த்தது. ஒன்றும் கேட்காமல் மாங்குயிலின் தொண்டையில் காதை வைத்தது. மெல்லத் தட்டியது. மறுபடி காதை வைத்தது.

"எடுத்துடலாம், சாப்பாடு இறங்கும். அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றது.

மூடியிருந்த சதையை அலகால் கீறி, நாக்கை விட்டு இழுத்தது. முள் வந்தது. குரல் வரவில்லை.

பெண் மாங்குயில் அழுதாள். "அந்த ஏழு பேரும் நல்லா இருப்பாங்களா அண்ணே? அவங்கதானே இப்படி ஆக்கினாங்க?"

தச்சனுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. அடி வாங்கின அன்றுகூட வராத கோபம்.

"அவங்களை விடு தாயி. கூட்டம் இன்னைக்குப் பால் ஊத்தும், நாளைக்குக் கல் எறியும். அதுக்குக் காது கிடையாது" என்றது. பிறகு மாங்குயிலைப் பார்த்தது. "எனக்குக் கோபம் உன் மேலதான். அவங்களுக்கு முள் இருக்கிறது தெரியாதுன்னே வச்சுக்குவோம். உனக்குத் தெரியும். என்னை அடிக்கும்போது நீ சிறகைக் கோதிக்கிட்டு இருந்தே. அன்னைக்குக் குரல் இருந்துச்சு. ஒரு வார்த்தை சொல்ல அது வரலை. இனிமே வந்து என்ன?"

மாங்குயில் பதில் சொல்ல வாயைத் திறந்தது. சொல்ல நிறைய இருந்தது. உஸ் என்றுதான் வந்தது. தச்சன் அதைக் கேட்க நிற்கவில்லை. தன் மரத்துக்குத் திரும்பி வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டது.

புகழ்கிற நூறு வாய்க்குப் பயந்து, குறை சொன்ன ஒரு வாயை அடிக்க விட்டுப் பார்த்திருப்பவன், தன் தொண்டையைத் தானே நெரித்துக்கொள்கிறான்.