அரசரைக் கவிழ்த்த கிடா

வெகு காலத்துக்கு முன்னே வெண்கரை என்றொரு நாடு. அதை ஆண்டவர் விசயமாறன் என்கிற ராசா. நல்ல ராசாதான், ஆனால் காலையில் ஒரு மனசு, சாயங்காலம் ஒரு மனசு. அவருக்குச் செல்லமாக ஒரு செம்மறிக் கிடா இருந்தது. பேர் மாணிக்கம். மடியில் அடங்குகிற குட்டியாக வந்தது, இப்போது கொம்பு சுருண்டு காதைச் சுற்றிவிட்டது. ராசா எங்கேயோ அதுவும் அங்கே. கொலுமண்டபத்தில்கூடச் சிங்காதனத்துக்குப் பக்கத்தில் நின்று அசைபோடும்.

அன்றைக்குப் பக்கத்து நாட்டுத் தூதர் ஒருவர் மாலையோடு வந்தார். மாலையை வாங்கிக்கொள்ள ராசா தலையைத் தாழ்த்தினார். அவ்வளவுதான்! மாணிக்கம் பின்னால் நகர்ந்தது, ஓடி வந்தது, மடார்! ராசா ஒரு பக்கம், கிரீடம் ஒரு பக்கம். கிரீடம் உருண்டு போய்த் தூதரின் காலடியில் நின்றது.

கவரி வீசுகிறவள் தூக்கிய கவரியை இறக்க மறந்துபோனாள். எதற்கும் அசராத மந்திரி உலகளந்தாரே கையிலிருந்த ஓலையைக் கீழே போட்டுவிட்டார்.

முதலில் வாய் திறந்தவர் செங்கோடர். மந்திரி நாற்காலி மேல் நெடுநாளாய்க் கண் வைத்திருந்தவர்; ராசாவுக்கு முன்னால் எப்போதும் இடுப்பு ஒடியக் குனிந்தே பேசுகிறவர்.

"அரசே! ஆட்டுக்குத் தானாக இந்தத் துணிச்சல் வருமா? எவரோ பழக்கிவிட்டிருக்கிறார்கள். கிடாவைப் பார்த்துக்கொள்கிறவள் யார்? இருளாயி. அவளை அரண்மனைக்குக் கொண்டுவந்தது யார்? நம் மந்திரியார்!"

இருளாயியை இழுத்து வந்தார்கள். கையில் தழைக்கட்டோடு அப்படியே வந்து நின்றாள்.

"நான் ஒண்ணும் பழக்கலையே சாமி! குட்டியிலேருந்து ஒரு அடி அடிச்சதில்லையே!" என்று அழுதாள்.

ராசாவுக்கு இடுப்பு வலி ஒரு பக்கம், தூதர் முன்னால் பட்ட அவமானம் ஒரு பக்கம். "செங்கோடரே, இதற்கு என்ன தண்டனை?"

"முட்டப் பழக்கிய கை யாருடையதோ, அந்தக் கையை வெட்ட வேண்டும். முரசு அறைந்து சொல்லிவிடுங்கள் அரசே, இல்லாவிட்டால் அப்புறம் உங்கள் மனசு இளகிவிடும்!"

"அறையுங்கள் முரசை!" என்றார் ராசா. தெருவெல்லாம் முரசு முழங்கிவிட்டது. இனி ராசாவே நினைத்தாலும் சொன்ன சொல்லை விழுங்க முடியாது.

உலகளந்தார் இருளாயியின் கையைப் பார்த்தார். தழை ஒடித்துக் காய்ப்பேறிய கை. அது போய்விட்டால் அவள் என்ன செய்வாள்? மனசைத் திடப்படுத்திக்கொண்டு எழுந்தார்.

"அரசே, பழக்கிய கை எது என்று மாணிக்கத்தையே கேட்டுவிடுவோம். ஒவ்வொருவராக உள்ளங்கையை அதன் நெற்றிக்கு நேரே நீட்டட்டும்."

இருளாயி நீட்டினாள். மாணிக்கம் மெதுவாக வந்து, தாடையைத் தூக்கி அவள் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியது. அவள் கை தன்னால் அதன் கழுத்தடியைச் சொறிந்தது.

"நடிக்கிறது!" என்றார் செங்கோடர்.

"ஆடா?" என்றார் மந்திரி. "சரி, நீங்கள் நீட்டுங்கள்."

செங்கோடர் எட்ட நின்று நீட்டினார். மாணிக்கம் மோந்து பார்த்தது, தும்மியது, திரும்பிக்கொண்டது. மந்திரி நீட்டினார், காவலர்கள் நீட்டினார்கள். அது ஒன்றும் செய்யவில்லை.

"இன்னும் ஒரு கைதான் பாக்கி அரசே."

ராசா சிரித்துவிட்டார். "என் கையா? நன்றாயிருக்கிறதய்யா உம் விசாரணை!" என்று கையை நீட்டினார்.

மாணிக்கத்தின் காது விறைத்தது. தலை தாழ்ந்தது. பின்னால் நகர்ந்தது. "அரசே!" என்று சபையே அலறுவதற்குள், மடார்! ராசா சிங்காதனத்தோடு சாய்ந்தார்.

ராசாவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது. மாணிக்கம் குட்டியாக இருந்தபோது தினமும் அவர்தான் அதன் நெற்றியில் கை வைத்துத் தள்ளுவார். அது திருப்பித் தள்ளும். கைகொட்டிச் சிரித்து ஒரு கரும்புத் துண்டு கொடுப்பார். அப்போது அது விளையாட்டு!

"நெற்றியைத் தள்ளித் தள்ளிச் சண்டைக்குப் பழக்கிவிட்டீர்கள் அரசே," என்றார் உலகளந்தார். "இன்றைக்கு நீங்கள் தலையைத் தாழ்த்தியதும், சண்டைக்குத்தான் கூப்பிடுகிறீர்கள் என்று அது நினைத்துவிட்டது."

ராசா எழுந்து உட்கார்ந்தார். "செங்கோடரே, தண்டனை உம் யோசனைதானே? வாளை நீரே எடுத்து வருகிறீரா?"

செங்கோடர் மெல்லப் பின்வாங்கித் தூணோரம் ஒதுங்கினார்.

"அவசரம் வேண்டாம்," என்றார் மந்திரி. "முரசு அறைந்த பிறகும், அடிபட்டவர் மன்னித்தால் தண்டனை இல்லை என்பது நம் நாட்டு வழக்கம். அடிபட்டது யார்?"

"நான்தான்! மன்னித்தேன், மன்னித்தேன்!" என்று பதறினார் ராசா.

"சந்தோஷம் அரசே. இருளாயியின் கையாக இருந்திருந்தால் மன்னித்திருப்பீர்களா?"

சபை திகைத்துப்போனது. ராசாவை இப்படிக் கேட்க ஓர் ஆளா! ராசா தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "மன்னித்திருக்க மாட்டேன். தப்புதான் மந்திரி." தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி உலகளந்தாருக்குப் போட்டார். ஆற்றங்கரை மேய்ச்சல் காட்டை இருளாயிக்கு எழுதி வைத்தார். "ஆத்தா, கிடாவை எப்படித் தொடணும் என்று எனக்கும் சொல்லிக் கொடு," என்றார்.

அதோடு விடவில்லை. "மாணிக்கம் சபையில் இருக்கிறவரை யாரும் எனக்கு முன்னால் குனியக் கூடாது!" என்று உத்தரவு போட்டார்.

மறுநாள் எல்லாரும் விறைத்த கழுத்தோடு நின்றார்கள். ராசா ஒரு சுற்றுப் பார்த்தார். தூணோரம் வந்ததும் திடுக்கிட்டார்.

"யாரய்யா நீர்? புது ஆளா?"

"அரசே... நான்தான் செங்கோடன்."

"நீரா!" ராசா வாயைப் பிளந்தார். "இத்தனை வருஷமும் உம்முடைய தலைப்பாகையைத்தானய்யா பார்த்திருக்கிறேன்!"