மயிலுக்கு அடுத்த வீடு

மணலூர் மன்னர் கோவர்த்தன பூபதிக்கு எதிலும் ஒழுங்கு வேண்டும். அரண்மனையில் வேலை செய்பவர்களுக்காகக் கோட்டைக்கு வெளியே ஒரு புதுத் தெரு கட்டினார். ஒரே தட்டில் வெந்த இட்லிகள் மாதிரி வரிசையாக வீடுகள். எல்லாம் வெள்ளைச் சுவர், எல்லாம் ஒரே கதவு.

அரசவை விகடகவி சொக்கேசனுக்கு அந்த வெறுஞ்சுவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கொத்தனாரைக் கூப்பிடாமல் தானே களத்தில் இறங்கினான். கதவுக்கு மஞ்சள் பூசினான். மனைவி பொன்னாத்தாளின் உடைந்த வளையல்களைச் சுண்ணாம்பில் பதித்து, வாசல் சுவரில் ஒரு மயில் செய்தான். பாவம், அது பார்ப்பதற்குக் கோழி மாதிரிதான் இருந்தது. ஆனாலும் அவனுக்கு அதன்மேல் உயிர்.

தெருவுக்கே அது அடையாளம் ஆயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் அமைச்சர் விடங்கர். அவர் வீட்டுக்கு யார் வழி கேட்டாலும், "கோழி வீட்டுக்கு அடுத்த வீடு" என்றார்கள். விடங்கருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக மன்னரிடம் போய்ப் போட்டுக் கொடுத்தார்.

மன்னர் சீறினார். "சொக்கேசா! வெள்ளிக்கிழமைக்குள் எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டைக் காலி செய்!"

"ஆகட்டும் மன்னா" என்றான் சொக்கேசன். வீட்டில் பொன்னாத்தாள் அழுதே விட்டாள்.

"என்னங்க, எப்ப அழிக்கப் போறீங்க?"

"வெள்ளிக்கிழமை காலையில. அமைச்சர் வீட்டை விட்டுக் கிளம்பின பிறகு."

அந்த வெள்ளிக்கிழமை விடங்கர் வீட்டில் மன்னருக்கு விருந்து. "ஆணை என்றால் ஆணைதான். நம்ம வாசல்ல ஒரு மாவிலைகூடக் கட்டக் கூடாது" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, விடங்கர் மன்னரை அழைத்துவர விடியற்காலையிலேயே போய்விட்டார். உடனே சொக்கேசன் சுண்ணாம்பு வாளியோடு வெளியே வந்தான்.

உச்சி வெயிலில் மன்னரும் பரிவாரமும் தெருவுக்குள் நுழைந்தார்கள். எல்லாக் கதவும் சாத்தியிருந்தன. முன்னால் நடந்த விடங்கர் திகைத்தார். ஆனாலும் விட்டுக்கொடுக்காமல் ஒரு கதவைத் தள்ளி, "அடியே, மன்னர் வந்துட்டார்! இலையைப் போடு!" என்று கத்தினார்.

தளபதியின் மாமியார் துடைப்பத்தோடு வந்தாள். "யாருடா அது, என்னை அடியேங்கறவன்?"

அடுத்த வீட்டில் ஒரு நாய் துரத்தியது. அதற்கடுத்த வீட்டில் யாரோ எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தார். மன்னரின் வயிறு கடகடத்தது.

"விடங்கரே! சொந்த வீடு எது என்றுகூடவா தெரியாது?"

கை நிறையச் சுண்ணாம்போடு நின்ற சொக்கேசனைப் பார்த்து மன்னர் கேட்டார்: "நீ பக்கத்து வீட்டுக்காரன்தானே? அமைச்சர் வீடு எங்கே, சொல்!"

சொக்கேசன் பணிவாகக் குனிந்தான்.

"அது எங்கேயும் போகவில்லை மன்னா. என் மயிலுக்கு இடப்பக்கம் பத்திரமாக இருக்கிறது. தங்கள் ஆணைப்படி மயிலைத்தான் காணோம்."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பசியும் கோபமும் பறந்தன.

"இனி அவரவர் வீட்டை அவரவர் இஷ்டம்போல் அழகு செய்துகொள்ளட்டும்" என்று அங்கேயே அறிவித்தார். தன் கழுத்து மாலையைக் கழற்றிச் சொக்கேசனுக்குப் போட்டார். பிறகு அமைச்சர் பக்கம் திரும்பினார்.

"விடங்கரே, இவன் புது மயில் செய்து முடிக்கும்வரை சுண்ணாம்பு குழைத்துக் கொடுப்பது உம்முடைய வேலை!"