நண்டின் ஒரு கை மெலிந்த கதை

அந்தக் காலத்தில், மீனும் பறவையும் கண்டல் மரமும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த நாளில், நண்டுக்கு இரண்டு கையும் ஒரே தடிமன். இப்போது சந்தையில் நண்டு வாங்கும்போது பார்த்திருப்பீர்கள், ஒரு கை பருத்திருக்கும், மற்றது மெலிந்திருக்கும். பார்க்கவில்லையென்றால் அது உங்கள் குறை, நண்டின் குறை இல்லை. எனக்கு அந்த மெலிந்த கையைப் பார்க்கும்போதெல்லாம் மலைப்பாக இருக்கும். ஏன் என்று சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

ஆறு கடலோடு சேருகிற ஒரு உப்பங்கழியில் கடுக்கான் என்று ஒரு நண்டு இருந்தான். அவன் பிடி என்றால் கழி முழுக்கப் பேச்சு. மற்ற நண்டுகள் கல்லில் தட்டித் தட்டி உடைக்கிற நத்தையை அவன் கைக்குள் வைத்து ஒரு அமுக்கு அமுக்குவான். படக். அவ்வளவுதான். அதற்கு நசுக்குப்பிடி என்று பெயர். கை முழுவதும் சேர்ந்து மூடிக்கொண்டு உள்ளே இருப்பதைப் பொடியாக்குகிற பிடி.

அது சும்மா வந்ததில்லை. நீர் வற்றிய நேரமெல்லாம் அவனுக்குப் பயிற்சிதான். முதலில் வெறும் சிப்பி, பிறகு தடித்த நத்தை, அதற்கும் பிறகு தண்ணீரில் ஊறி இறுகிய கண்டல் கட்டை. கை மரத்துப்போகும்வரை அமுக்குவான், ஆறியதும் மறுபடி அமுக்குவான். அப்படி ஏற்றிய கை அது. கழியில் திரிந்த விலாங்குகூட, அது எத்தனையோ நண்டுக் குடும்பத்தைத் தின்று தீர்த்த பாவி, கடுக்கான் வளைப் பக்கம் வராது.

ஒரே ஒரு கெட்ட பழக்கம். எல்லாவற்றையும் அவன் தன் வளை வாசலில் வைத்துத்தான் உடைப்பான். நாலு பேர் பார்க்க வேண்டும், வாசலில் ஓட்டுக் குவியல் கிடக்க வேண்டும்.

அவன் பெண்டாட்டி நீலாயிக்கு இது பிடிக்கவில்லை. "மச்சான், வாசல்ல உடைக்காதீங்க. சில்லெல்லாம் தண்ணியோட உள்ள வருது. நான் ஓடு கழட்டுற நாளு வேற நெருங்குது" என்பாள்.

"குவியல் கிடந்தாத்தான் புள்ள இது யாரு வீடுன்னு வர்றவனுக்குத் தெரியும்" என்பான் கடுக்கான்.

"வீட்டுல இருக்கிறவளுக்குத் தெரிஞ்சா போதாதா?"

அதற்குள் அவன் அடுத்த நத்தையை எடுப்பான்.

ஒரு நாள் காலை கடுக்கான் உடைப்பதைப் பார்க்கக் கூட்டம் கூடியிருந்தது. பக்கத்துச் சேற்றில் ஒரு உள்ளான், நீள அலகுப் பறவை, தன் பாட்டுக்குப் புழு பிடித்துக்கொண்டிருந்தது. அலகைச் சேற்றுக்குள் விடும், புழுவை நுனியில் பிடிக்கும், மெல்ல இழுக்கும். புழு அறாமல் முழுசாக வெளியே வரும்.

கடுக்கான் சிரித்தான். "ஒரு புழுவுக்கு இவ்வளவு நேரமா அய்யா? என்கிட்ட குடுத்தா ஒரே அமுக்குல முடிச்சிருவேன்."

உள்ளானுக்குக் கோபம் வரவில்லை. அலகால் ஒரு தட்டைக் கல்லைக் காட்டியது. பாசி படிந்த, வழவழப்பான ஈரக் கல். "நண்டாரே, இதை ரெண்டு பக்கமும் கை நுனியால மட்டும் பிடிச்சுத் தூக்கும். ஒரு அலை வந்து போற நேரம் தாங்கினால் போதும்" என்றது.

இதென்ன பிரமாதம் என்று கடுக்கான் பிடித்தான். கல் வழுக்கியது. இன்னும் அழுத்தினான், இன்னும் வேகமாக வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது முறை பிடித்தான், கல் அவன் காலிலேயே விழுந்தது. நம்பாதவர்கள் ஒரு ஈரமான கடப்பாக் கல்லை நிறுத்திவைத்து விரல் நுனியால் தூக்கிப் பாருங்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் ஸ்பிரிங்கை நாளெல்லாம் அமுக்கிக்கொண்டிருக்கிற இளவட்டங்களையும் கூப்பிட்டுத் தூக்கச் சொல்லுங்கள். பாதிப் பேர் முகத்தைப் பார்க்க முடியாது.

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சேற்றில் தத்தித் தத்தித் திரிகிற உளுவையக்காதான் சமாதானம் சொன்னாள். வாய் நீளமே தவிர மனசு நல்ல மீன் அவள். "நீ நசுக்குறப்போ கை மொத்தமும் ஒத்தாசைக்கு வருது தம்பி. நுனியில பிடிக்கிறப்போ நுனி தனியா நிக்குது. அது வேற பலம்."

"அதெல்லாம் பலமே இல்லக்கா. வித்தை" என்றான் கடுக்கான். கோபத்தில் இரண்டு நத்தையைக் கூடுதலாக வாசலில் உடைத்துப் போட்டான்.

அன்றைக்கே நீலாயி ஓடு கழற்றினாள். நண்டு வளர வேண்டுமென்றால் பழைய ஓட்டை விட்டு வெளியே வந்துதான் ஆக வேண்டும். வெளியே வரும்போது உடம்பு இளநீர் வழுக்கை மாதிரி இருக்கும், தொட்டால் குழியும். கொஞ்ச நேரத்தில் புது ஓடு இறுக ஆரம்பிக்கும். நீலாயி பழைய ஓட்டிலிருந்து பின்பக்கமாக நழுவி வளைத் தரையில் சாய்ந்தாள். அங்கே காலையில் உடைத்த நத்தையின் சில்லு ஒன்று, தண்ணீரோடு உள்ளே வந்தது, நட்டுக்கொண்டு நின்றது. அவள் விலாவில், மூச்சு வாங்குகிற இடத்தில், அது இறங்கிவிட்டது.

"மச்சான், மூச்சு விடுறப்போ குத்துது" என்றாள்.

உளுவையக்கா வந்து பார்த்தாள். பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஓடு இறுகிட்டா இது உள்ளயே மாட்டிக்கும் தம்பி. அப்புறம் மூச்சுக்கு மூச்சு அறுக்கும். பொழைக்க மாட்டா. சாயங்காலம் நீர் ஏறி வடியுறதுக்குள்ள எடுத்தாகணும்."

கடுக்கான் குனிந்தான். சில்லின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தடித்த கையால் அதைப் பிடித்தான். பிடித்தான் என்றா சொன்னேன், அந்தக் கைக்குப் பிடிக்கத் தெரியாது, மூடத்தான் தெரியும். படக். கழியே கைதட்டிய அதே சத்தம். நீட்டியிருந்த முனை பொடியாகி உதிர்ந்தது, மிச்சம் இன்னும் ஆழத்தில் நின்றது. நீலாயி கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

உளுவையக்காவைக் காவலுக்கு வைத்துவிட்டு அவன் உள்ளானிடம் ஓடினான். காலையில் கேலி பேசிய வாயாலேயே கேட்டான். "அய்யா, நீங்க வந்து எடுத்துக் குடுங்க. நான் பேசினது தப்பு."

உள்ளான் அலகைச் சேற்றிலிருந்து எடுத்தது. "எனக்கு எடுக்கத் தெரியும் நண்டாரே. ஆனா ஓடில்லாத நண்டோட வாசம் மூக்குல ஏறினா நான் நானா இருக்க மாட்டேன். இழுக்கிறது சில்லா சதையான்னு பார்க்க மாட்டேன். என்னைக் கூட்டிட்டுப் போகாதீர்" என்றது.

எதிரியின் வாயிலிருந்து இப்படி ஒரு உண்மை வந்தது. இதற்கு மேல் என்ன சொல்ல.

"வேற வழி?"

"என் அலகு மாதிரி ஒரு கை வேணும். உம்மகிட்ட இருக்கிறது ரெண்டு உலக்கை" என்றது உள்ளான். சொல்லிவிட்டுச் சிப்பிகள் ஒட்டியிருந்த பாறையைப் பார்த்தது. கடுக்கானும் பார்த்தான்.

அந்தப் பாறையின் முனையெல்லாம் கத்தி. கடுக்கான் தன் இடது கையை அதன்மேல் வைத்துத் தேய்க்கத் தொடங்கினான். வாழ்நாளெல்லாம் ஏற்றிய கை. முதலில் பிடியின் உட்புறத்து மொட்டைப் பற்கள் போயின. பிறகு மேல் ஓடு. பிறகு வலித்தது. நண்டின் ரத்தம் லேசான நீலம், அது பாறையில் வழிந்து தண்ணீரில் கலந்தது. அவன் நிறுத்தவில்லை.

உளுவையக்கா வளை வாசலிலிருந்தே கத்தினாள். "என்னடா பண்ற? கையைக் கரைச்சுட்டா விலாங்குக்கு என்ன பதில் சொல்லுவ?"

"இன்னொண்ணு இருக்குல்லக்கா" என்றான்.

கை மெலிந்துவிட்டது, நுனிகள் ஒன்றையொன்று தொட்டன. ஆனால் மெலிந்தால் மட்டும் போதாது. ஒரு கடற்புல் இழையை எடுத்துப் பிடித்துப் பார்த்தான், அறுந்தது. இன்னொன்று, அதுவும் அறுந்தது. பலம் நுனிக்கு வந்ததும் பாயப் பார்த்தது. அதைப் பாயவிடாமல், தளரவும் விடாமல், நின்ற இடத்திலேயே நிறுத்த வேண்டும். நத்தையை உடைப்பது ஒரு கணத்து வேலை, உடைந்ததும் கை ஓய்ந்துவிடும். இதிலோ ஓய்வே கிடையாது. கட்டையை நசுக்கியபோது நடுங்காத கை ஒரு புல்லுக்கு நடுங்கியது.

கடைசியில் ஒரு இழை அறாமல் நின்றது. அப்போதுதான் அவன் அந்தத் தட்டைக் கல்லிடம் போனான். நுனியால் பிடித்தான், தூக்கினான். ஓர் அலை வந்தது, போனது. கல் கையில் இருந்தது. கைதட்ட அங்கே யாரும் இல்லை. தூரத்தில் நின்ற உள்ளான் மட்டும் பார்த்துவிட்டு அலகைத் தாழ்த்தியது.

நீர் ஏறத் தொடங்கிவிட்டது. கடுக்கான் வளைக்குள் வந்தான். நீலாயியின் உடம்பு ஓரங்களில் இறுகத் தொடங்கியிருந்தது.

"புள்ள, நீ மூச்சை வெளிய விடுறப்போ மட்டும் இழுப்பேன். உள்ள இழுக்கிறப்போ அப்படியே பிடிச்சுக்கிட்டு நிப்பேன். பயப்படாத."

"பயமில்ல மச்சான். பார்த்துச் செய்ங்க" என்றாள்.

மெலிந்த நுனிகள் சில்லின் மிச்சத்தைத் தொட்டன, கவ்வின. அவள் மூச்சு விட்டாள், சில்லு ஒரு மயிரிழை நகர்ந்தது. அவள் மூச்சு இழுத்தாள், அவன் அசையாமல் நின்றான். இப்படியே மயிரிழை மயிரிழையாக வந்துகொண்டிருந்தபோது வாசலில் உளுவையக்கா அலறிக்கொண்டு துள்ளி விலகினாள். விலாங்கு வந்துவிட்டது.

ஏறுகிற நீரில் நண்டு ரத்தமும் இளஞ்சதையும் மணத்திருக்கின்றன, வராமல் என்ன செய்யும். தலையை உள்ளே நீட்டியது. "கடுக்கானே, ஒரு கையைக் காணோமே" என்றது.

அவன் முதுகு விலாங்குக்கு, முகம் நீலாயிக்கு. திரும்பினால் சில்லு உள்ளே உடையும், அவள் போய்விடுவாள். திரும்பாவிட்டால் இருவரும் போய்விடுவார்கள். கடுக்கான் திரும்பவில்லை. வலது கையை மட்டும் பின்னால் நீட்டி, தட்டுப்பட்ட தாடையை அப்படியே வளைத்து மூடினான்.

இந்த இடத்துக்கு வந்தால் எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கிறது. ஒரே உடம்பு. ஒரு பக்கம், கட்டையை நசுக்கிய மொத்த பலமும் விலாங்கின் எலும்பில் இறங்கிக்கொண்டிருக்கிறது, அது உடம்பை முறுக்கி உதறி வளையையே ஆட்டுகிறது. மறுபக்கம், அதே உடம்பின் இன்னொரு நுனியில், ஒரு சில்லு நடுங்காமல் நிற்கிறது. அவள் மூச்சு விட்டால் நகர்கிறது, இழுத்தால் நிற்கிறது. மிரண்ட எருமையின் கயிற்றை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறுகையால் பிள்ளையின் கண்ணில் விழுந்த தூசியை எடுத்துப் பாருங்கள். அப்போது தெரியும் அவன் செய்தது என்ன என்று.

படக் என்றது. விலாங்கின் தாடை. அது புரண்டு புரண்டு வெளியேறியது. அதே மூச்சில் சில்லும் முழுசாக வெளியே வந்தது, கடுக்கானின் மெலிந்த நுனியில், அறாத புழு மாதிரி.

நீலாயி ஒரு நீள மூச்சு விட்டாள். குத்தவில்லை. வெகுநேரம் மூச்சு விட்டுக்கொண்டே கிடந்தாள், புதுசாகக் கற்றுக்கொண்டவள் போல. பிறகு கண் திறந்து அவன் கையைப் பார்த்தாள்.

"என்ன மச்சான் இது, கையி இப்படிக் கிடக்கு" என்று அழுதாள்.

"விடு புள்ள. அடுத்து நான் ஓடு கழட்டுறப்போ பழையபடி வந்துரும்."

அவள் உடம்பு நன்றாக இறுகும்வரை அவளைத் தன் வயிற்றடியில் வைத்து அவன் காத்துக் கிடந்தான். அவள் தேறியதும் முதல் வேலையாக வாசலுக்குப் போனான். அந்த ஓட்டுக் குவியலைச் சில்லு சில்லாக, மெலிந்த கையால் பொறுக்கி ஆழத்தில் கொண்டுபோய்ப் போட்டான். யார் வீடு என்று தெரியாத வாசலாகிவிட்டது அது.

நாள் போய், அவனும் ஓடு கழற்றும் வேளை வந்தது. அப்போதெல்லாம் அந்த நேரத்தில் நண்டின் உடம்பே அதனிடம் கேட்குமாம். கடுக்கானிடமும் கேட்டது: "கை எப்படி வேணும்? பழையபடி ரெண்டும் தடியாவே தரட்டுமா?"

கழியில் முதல் பலசாலி என்ற பெயரெல்லாம் திரும்பி வந்திருக்கும். கடுக்கான் பக்கத்தில் கிடந்த நீலாயியைப் பார்த்தான். அவள் விலா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு அப்படிக் குடு. ஒண்ணு இப்படியே இருக்கட்டும்" என்றான்.

அன்றைக்குக் கேட்டு வாங்கியதுதான் நண்டுக்கு இன்றுவரை ஒரு கை பருத்தும் ஒரு கை மெலிந்தும் இருப்பது. பருத்த கை வாசலைப் பார்த்துக்கொள்ளும். ஓடு கழற்றி மெத்தென்று கிடக்கும் பெண் நண்டிடம் ஆண் நண்டு போகும்போது, அவளை முதலில் தொடுவது மெலிந்த கைதான்.